16 வயதில் ஓட்டு: கொடுக்கலாம், எந்தத் தேர்தலில் என்பதுதான் பேச்சு

"பிரிட்டனில் 16 வயதுப் பிள்ளைகளுக்கு ஓட்டுரிமை தரப்போகிறார்களாம். இங்கேயும் 18-ஐக் குறைக்கலாமா? பிளஸ் ஒன் படிக்கிற பிள்ளைக்கு அரசியல் என்ன தெரியும்?" இதுதான் கேள்வி.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குறைக்கலாம். ஆனால் மக்களவைக்கும் சட்டமன்றத்துக்கும் இப்போதைக்கு வேண்டாம். ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சித் தேர்தல்களில் முதலில் கொடுத்துப் பார்க்க வேண்டும். அதற்கும் முன்னால், 18 முடிந்து உரிமை வந்த பிறகும் பட்டியலில் பெயர் ஏறாமல் நிற்கிற பிள்ளைகளின் கணக்கை முடிக்க வேண்டும். ஏன் இப்படி வளைத்துச் சொல்கிறேன் என்றால், நான் வேலை பார்த்த இடம் அப்படி.

அரசு மேல்நிலைப் பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன் நான். தமிழ்நாட்டில் வாத்தியார் வேலை என்றால் தேர்தல் வேலையும் சேர்த்துத்தான். வாக்குச்சாவடி அலுவலராகத் தொடங்கி, பிறகு தலைமை அலுவலராகப் பல தேர்தல்களில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு சட்டமன்றத் தேர்தல் அன்று, வெயில் ஏறி வரிசை மெலிந்துபோன பதினொன்றரை மணி வாக்கில் ஒரு பையன் வந்தான். கோயம்புத்தூரில் பொறியியல் இரண்டாம் வருடம். ஓட்டுப் போடுவதற்காகவே ராத்திரி பஸ்ஸில் பாதி வழி நின்றுகொண்டு வந்திருக்கிறான். கூட அவன் பாட்டி. பேரன் தோளைப் பிடித்துக்கொண்டு வந்த பாட்டி கைநாட்டு வைத்து, விரலில் மை வாங்கி, பட்டனை அழுத்தி, பீப் சத்தம் கேட்டதும் சிரித்துக்கொண்டே வெளியே வந்துவிட்டார். பையன் முறை வந்தது. முதல் அலுவலர் பட்டியலில் ஸ்கேலை வைத்து வரிவரியாக இறக்கினார். அப்பா பெயர் இருக்கிறது, அம்மா பெயர் இருக்கிறது, பாட்டி பெயர் இருக்கிறது. இவன் பெயர் இல்லை. ஆதார் அட்டையை நீட்டினான், கல்லூரி அட்டையை நீட்டினான். காலையிலிருந்து எதிலும் ஒத்துப்போகாத இரண்டு கட்சி ஏஜென்ட்டுகளும் ஒரே குரலில், "நம்ம ஊர்ப் பையன்தான் சார், விடுங்க" என்றார்கள். விட முடியாது. பட்டியலில் பெயர் இல்லையென்றால் ராஜாவே வந்தாலும் ஓட்டு இல்லை.

"வீட்டுக்குக் கணக்கெடுக்க வந்தப்ப நான் ஹாஸ்டல்ல இருந்தேன் சார்" என்றான். பாட்டியின் விரலில் இருந்த மையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போய்விட்டான்.

வயதைப் பற்றி யார் பேசினாலும் எனக்கு முதலில் அந்தப் பையன்தான் நினைவுக்கு வருவான். அவனுக்கு வயது பிரச்சினையே இல்லை.

சரி, 18 என்ற எண் எங்கிருந்து வந்தது? அதற்கு முன் பெரும்பாலான நாடுகளில் 21 இருந்தது. இடைக்கால இங்கிலாந்தில் கவசத்தைச் சுமந்துகொண்டு குதிரையேறிச் சண்டை போட ஓர் ஆளுக்கு 21 வயதாவது ஆக வேண்டும் என்று வைத்த கணக்கு அது என்பார்கள். குதிரையும் கவசமும் போய்விட்டன, எண் மட்டும் தங்கிவிட்டது. அந்த 21-ஐ ஆரம்பத்திலேயே உடைத்த நாடுகளில் ஒன்று இலங்கை. 1931-லேயே எல்லாருக்கும் வாக்குரிமை கண்ட நாடு அது. 1959-ல் வயதை 18 ஆக்கினார்கள். ஆண்டுவிட்டுப் போன பிரிட்டன் அதைச் செய்ய இன்னும் பத்து வருடம் ஆனது. அமெரிக்காவில் 18 வயதுப் பையன்களைப் பிடித்து வியட்நாம் போருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். சாகிற வயது வந்துவிட்டது, ஓட்டுப் போடுகிற வயது வரவில்லையா என்று கேட்டார்கள். 1971-ல் அரசியல் சாசனத்தையே திருத்த வேண்டி வந்தது.

இந்தியாவில் நம் கதை கொஞ்சம் வேறு. 1965 மொழிப்போரில் தெருவில் இறங்கியவர்கள் மாணவர்கள். தடியடி வாங்கியவர்கள், சிறைக்குப் போனவர்கள், சிதம்பரத்தில் குண்டடிபட்டுச் செத்தவர் எல்லாம் மாணவர்கள். 1967 தேர்தலில் ஊர் ஊராகப் போய் ஓட்டுக் கேட்டவர்களிலும் அவர்கள் நிறைய. விருதுநகரில் காமராஜரையே 1285 ஓட்டு வித்தியாசத்தில் தோற்கடித்த பெ. சீனிவாசன் மாணவர் தலைவராக இருந்தவர்தான், அப்போது அவருக்கு 28 வயது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1965-ல் 17 வயதில் ஊர்வலம் போனவனுக்கு 1967-ல் 19. ஓட்டு வயது 21. ஆட்சியே மாறியதில் கை கொடுத்தவனுக்கு விரலில் மை கிடையாது. ஊர்வலம் போக வயது பார்க்காத நாடு, ஓட்டுக்கு மட்டும் பார்த்தது. இது எனக்கு எப்போதும் விசித்திரமாகவே படும்.

1988 கடைசியில் ராஜீவ் காந்தி அரசு 61-வது திருத்தத்தைக் கொண்டுவந்து, 1989 மார்ச் 28 முதல் வயது 18 ஆனது. புதிதாகக் கோடிக்கணக்கான இளைஞர்கள் பட்டியலில் ஏறினார்கள். இளம் பிரதமருக்கு இளைஞர் ஓட்டு விழும் என்று ஒரு கணக்கு இருந்திருக்காது என்று சொல்ல முடியாது. என்ன ஆனது? 1984-ல் 400-க்கு மேல் ஜெயித்த காங்கிரஸ், 1989 கடைசியில் நடந்த தேர்தலில் 197-க்கு இறங்கியது. தமிழ்நாட்டில் அதே தேர்தலில் காங்கிரஸ், அதிமுக கூட்டணி 39-ல் 38-ஐ அள்ளியது. வடக்கே ஒரு பக்கம், தெற்கே ஒரு பக்கம். "இளைஞர் ஓட்டு" என்று ஒற்றை மூட்டையாகக் கட்டி யாராலும் தலையில் வைத்துக்கொண்டு போக முடியவில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், வயதைக் குறைப்பதை எதிர்ப்பவர்களும் சரி, ஆதரிப்பவர்களும் சரி, மனதுக்குள் ஒரு கட்சிக் கணக்கு வைத்திருக்கிறார்கள். மலேசியாவில் 2019 ஜூலையில் 21-ஐ 18 ஆக்கும் திருத்தம் 211-க்கு 0 என்று ஒருமனதாக நிறைவேறியது. இளைஞர்கள் வந்தால் சீர்திருத்தம் பேசுகிற கட்சிகளுக்குக் கொண்டாட்டம் என்று பலரும் எதிர்பார்த்தார்கள். 2022 நவம்பர் பொதுத் தேர்தலில் மலாய் இளைஞர்களில் பெரும் பகுதி போய் நின்றது மதம் சார்ந்த கூட்டணியின் பக்கம். ஜெர்மனியில் 2024 ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலுக்கு 16 வயதுக்காரர்களை அனுமதித்தார்கள். இளைஞர்களிடம் பசுமைக் கட்சி சரிந்து, தீவிர வலதுசாரிக் கட்சி ஏறியது. ஆகவே "என் கட்சிக்கு லாபமா" என்று பார்த்து இதில் கருத்துச் சொல்கிறவர்கள் சூதாடுகிறார்கள் என்றே சொல்வேன்.

இப்போது "என்ன தெரியும்" என்கிற கேள்விக்கு வருவோம். இதை ஒவ்வொரு முறையும் யாரையாவது பார்த்து யாராவது கேட்டிருக்கிறார்கள். சொத்து இல்லாதவனுக்கு என்ன தெரியும் என்றார்கள், பெண்களுக்கு என்ன தெரியும் என்றார்கள். 1951-52 முதல் பொதுத் தேர்தலுக்கு இந்தியாவில் சுமார் 17 கோடியே 30 லட்சம் பேர் பட்டியலில் இருந்தார்கள். அன்றைய எழுத்தறிவு 18 சதவீதம். சின்னத்தை வைத்து, பெட்டியைப் பார்த்து, சீட்டைப் போட்டார்கள். பெயர் கேட்டால் இன்னாருடைய மனைவி, இன்னாருடைய மகள் என்று மட்டும் சொல்லித் தன் பெயரைச் சொல்லாததால் சுமார் 28 லட்சம் பெண்கள் பட்டியலிலிருந்து விடுபட்டார்கள். அந்தத் தேர்தலை நடத்திய சுகுமார் சென் அவர்களை அப்படியே சேர்த்துக்கொள்ள மறுத்துவிட்டார். அவர்களுக்கு அரசியல் தெரியாது என்பது அதற்குக் காரணம் இல்லை. பெயர் வேண்டும், அவ்வளவுதான். படிப்பையோ அறிவையோ அளந்து ஓட்டுக் கொடுப்பதில்லை என்று நாம் அன்றே முடிவு செய்துவிட்டோம். பரீட்சை வைத்துத்தான் ஓட்டு என்றால் என் வயதுக்காரர்களில் எத்தனை பேர் தேறுவோம் என்பதையும் யோசிக்க வேண்டும். ஊராட்சி ஒன்றியத்துக்கும் மாவட்ட ஊராட்சிக்கும் என்ன வித்தியாசம் என்று டீக்கடையில் கேட்டுப் பாருங்கள்.

ஆனால் அறிவு வேறு, நிதானம் வேறு. 16 வயதுப் பையன் பைக்கில் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு பறப்பதைத் தினமும் பார்க்கிறோமே, அவன் கையில் நாட்டைக் கொடுப்பதா? நியாயமான பயம்தான். வளரிளம் பருவத்தை வருடக்கணக்கில் ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் இதில் ஒரு பிரிவு போடுகிறார். நண்பர்கள் சூழ, படபடப்பில், கண நேரத்தில் எடுக்கும் முடிவு ஒன்று. அந்த விஷயத்தில் பிள்ளைகள் 20-ஐத் தாண்டியும் முழுதாகத் தேறுவதில்லை. அவசரமில்லாமல், நாலு விவரம் கேட்டு, யோசித்து எடுக்கும் முடிவு இன்னொன்று. அதில் 16 வயதுப் பிள்ளை பெரியவர்களுக்கு ஏறக்குறைய சமம். பைக் ஓட்டுவது முதல் வகை. ஓட்டுப் போடுவது இரண்டாம் வகை. பிரசாரம் வாரக்கணக்கில் நடக்கிறது, வரிசையில் நிற்கிறான், மறைப்புக்குள் தனியாகப் போகிறான். பின்னால் உட்கார்ந்து "இன்னும் வேகமாப் போடா" என்று சொல்ல யாரும் இல்லை.

நம் சட்டமும் இதில் ஒரே வயதைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. 16 வயதில் கியர் இல்லாத 50 சிசி வண்டிக்கு லைசென்ஸ் வாங்கலாம். 2015 சிறார் நீதிச் சட்டப்படி, 16 முடிந்தவன் கொடூரக் குற்றம் செய்தால், அவனுடைய மனப்பக்குவத்தை ஆராய்ந்து பெரியவனைப் போல விசாரிக்க வழி இருக்கிறது. தண்டனை என்று வரும்போது 16-ல் பக்குவம் இருக்கலாம் என்று ஒப்புக்கொள்கிற அரசு, ஓட்டு என்று வரும்போது மட்டும் குழந்தை என்கிறது. அந்தப் பக்கம் பார்த்தால் ஆணுக்குத் திருமண வயது 21; பிரதமரைத் தேர்ந்தெடுத்து மூன்று வருடம் கழித்துத்தான் தாலி கட்டலாம். மக்களவைக்கு நிற்க 25. ஒவ்வொரு காரியத்துக்கும் ஒவ்வொரு வயது, அது தப்பும் இல்லை. ஓட்டுக்கு எது என்பதை ஓட்டை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

என் வகுப்பில் பார்த்ததைச் சொல்கிறேன். பிளஸ் ஒன் வகுப்புக்குத் தலைவரை நான் நியமிப்பதில்லை, தேர்தல் வைப்பேன். பழைய விடைத்தாளின் எழுதாத பக்கத்தைக் கிழித்து வாக்குச் சீட்டு, சுண்ணக்கட்டி டப்பா பெட்டி. ஒரு வருடம் ஒரு பையன், நடிகர் மாதிரி முடி வெட்டிக்கொண்டு, பேக்கரியில் எல்லாருக்கும் முட்டை பப்ஸ் வாங்கிக் கொடுத்து ஓட்டுக் கேட்டான். எதிரில் நின்ற பெண், மாணவிகள் கழிப்பறைச் சாவி எப்போதும் அலுவலக அறையில் பூட்டிக் கிடக்கிறது, அதை வகுப்பிலேயே வைக்க ஏற்பாடு செய்கிறேன் என்று மட்டும் சொன்னாள். பப்ஸை எல்லாரும் சாப்பிட்டார்கள். ஜெயித்தது அவள். தலைமையாசிரியரிடம் இரண்டு வாரம் நின்று சாவியையும் வாங்கிவிட்டாள்.

இத்தோடு நிறுத்தினால் நான் பாதி உண்மையைத்தான் சொன்னவன் ஆவேன். இன்னொரு வருடம் வேறு மாதிரி நடந்தது. எண்ணி முடித்ததும் சீட்டுகளின் கணக்கைப் பார்த்தேன். வகுப்பில் எந்தச் சாதிப் பிள்ளைகள் எத்தனை பேர் என்பது வருகைப் பதிவேடு வைத்திருக்கிற ஆசிரியனுக்குத் தெரியும். கணக்கு அப்படியே பொருந்தியது, ஒரு ஓட்டுக்கூட மாறவில்லை. கையில் கட்டியிருந்த கயிற்றின் நிறத்தைப் பார்த்தே நான் முடிவைச் சொல்லியிருக்கலாம். 2023-ல் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவனை அவனோடு படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு, பள்ளியில் கலர் கயிறு கட்டுவதைத் தடுக்கச் சொன்னது ஏன் என்று என்னைப் போன்ற ஆசிரியர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அதனால் 16-ல் ஓட்டுக் கொடுத்தால் சாதி பள்ளிக்கூடத்துக்குள் வரும் என்று சொல்பவர்களிடம் நான் வாதாடப் போவதில்லை. வந்து ரொம்ப நாளாகிறது. தேர்தல் நேரத்தில் கட்சிக்காரர்கள் பள்ளிக் கேட்டில் வந்து நிற்பார்கள் என்கிற பயம் மட்டும் எனக்கும் உண்டு. பெரிய தேர்தலுக்கு இப்போது வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுதான் முதல் காரணம்.

இரண்டாவது காரணம் பணம். தலைக்கு இவ்வளவு என்று கவர் வருகிற ஊர்களில், வீட்டில் இரண்டு தலை கூடினால் இரண்டு கவர் கூடும். 2016-ல் தஞ்சாவூரிலும் அரவக்குறிச்சியிலும் பணம் விளையாடியது என்று தேர்தலையே தள்ளி வைத்தார்கள். 2019-ல் வேலூர் மக்களவைத் தேர்தலை ரத்து செய்தார்கள். அந்தப் பணத்தை வாங்கியதாகச் சொல்லப்பட்டவர்களில் ஒருவரும் 16 வயதுக்காரர் இல்லை, எல்லாரும் நம்மைப் போன்ற பக்குவப்பட்ட பெரியவர்கள்தான். இருந்தாலும் முதல் ஓட்டோடு முதல் கவரையும் சேர்த்து ஒரு பிள்ளையின் கையில் திணிக்க எனக்கு மனது வரவில்லை.

அப்புறம் ஏன் குறைக்கலாம் என்கிறேன்? வெளிநாட்டு அனுபவத்தில் ஒரு விஷயம் என்னை மாற்றியது. ஆஸ்திரியா 2007-ல் 16 வயதை எல்லாத் தேர்தலுக்கும் கொண்டுவந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் அதுதான் முதல். அதற்கு முன்பே சில மாநிலங்களில் உள்ளாட்சித் தேர்தலில் மட்டும் கொடுத்து ஒத்திகை பார்த்திருந்தார்கள். கூடவே பள்ளிகளில் குடிமைக் கல்வியையும் இறுக்கினார்கள். பிறகு வியன்னா போன்ற இடங்களில் வாக்காளர் பதிவுகளை வைத்தே எண்ணிப் பார்த்தபோது, 16, 17 வயதுக்காரர்கள் 18 முதல் 20 வரை உள்ளவர்களைவிட அதிக சதவீதம் வந்து ஓட்டுப் போட்டிருந்தார்கள். ஸ்காட்லாந்தில், பிரிட்டனை விட்டுப் பிரிவதா என்று 2014-ல் நடந்த பொதுவாக்கெடுப்பில் 16 வயதுக்காரர்களையும் சேர்த்தார்கள். முடிந்ததும் அங்குள்ள தேர்தல் ஆணையம் எடுத்த கருத்தாய்வில் 16, 17 வயதினரில் 75 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டதாகச் சொன்னார்கள்; 18 முதல் 24 வரை உள்ளவர்களில் 54 சதவீதம்தான். அதுவரை இதை எதிர்த்துக்கொண்டிருந்த கன்சர்வேட்டிவ் தலைவர் ரூத் டேவிட்சனே மனம் மாறினார். மறு வருடம் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் தன் தேர்தல்களுக்கு 16-ஐ ஒருமனதாக ஏற்றது. இதையெல்லாம் பக்கத்திலிருந்து பார்த்த பிறகுதான் பிரிட்டன் அரசு 2025 ஜூலையில் நாடு முழுக்க 16 என்று அறிவித்தது.

சின்னவன் போடுகிறான், கொஞ்சம் பெரியவன் போடுவதில்லை. ஏன்? 16 வயதில் பிள்ளை வீட்டில் இருக்கிறான். அம்மா, அப்பாவோடு பூத்துக்கு நடந்து போகலாம். தெருவில் யார் நிற்கிறார்கள் என்று தெரியும். பள்ளியில் ஒரு வாத்தியாராவது அதைப் பற்றிப் பேசுவார். 18 என்பது வீட்டை விட்டுக் கிளம்புகிற வயது. பெயர் ஓர் ஊரில், ஆள் ஓர் ஊரில். நம் ஊரில் இது இன்னும் கொடுமை. பிளஸ் டூ முடித்த மறு மாதமே பிள்ளைகள் கோவைக்கும் சென்னைக்கும், திருப்பூர் பனியன் கம்பெனிக்கும், ஸ்ரீபெரும்புதூர் ஃபேக்டரிக்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் நாம், "வா, வந்து பட்டியலில் பெயர் சேர்க்கிற படிவம் 6-ஐ நிரப்பு" என்கிறோம். முதல் தேர்தலைத் தவறவிட்டவன் இரண்டாவதையும் தவறவிட வாய்ப்பு அதிகம். முதல் தடவை போட்டவனுக்கு அது பழக்கமாகிவிடுகிறது. என் பூத்துக்கு வந்த பையனுக்கு இரண்டு வருடம் முன்னால், பள்ளியில் இருக்கும்போதே, ஓர் உள்ளாட்சித் தேர்தலில் பெயர் ஏறியிருந்தால் அவன் அன்று திரும்பிப் போயிருக்க மாட்டான்.

2024 மக்களவைத் தேர்தலுக்கு 18, 19 வயதில் பதிவு செய்துகொண்டவர்கள் நாடு முழுக்க சுமார் 1 கோடியே 80 லட்சம் பேர். கேட்கப் பெரிய எண்ணாகத் தெரியும். அந்த வயதில் இருக்கிற மொத்தப் பேரில் இது பத்துக்கு நாலுகூட இல்லை என்று அப்போதே எழுதினார்கள். மிச்சம் ஆறு பேருக்கு 18 வயது கொடுத்த உரிமை காகிதத்தில் இருக்கிறது.

மலேசியாக்காரர்கள் இந்த இடத்தில் ஒரு நல்ல வேலை செய்தார்கள். வயதைக் குறைத்த அதே திருத்தத்தில் தானியங்கிப் பதிவையும் சேர்த்துவிட்டார்கள். அடையாள அட்டைப் பதிவை வைத்து, வயது வந்ததும் பெயர் தானாகப் பட்டியலில் ஏறிவிடும். மனு இல்லை, வரிசை இல்லை. 2018 தேர்தலில் ஒன்றரைக் கோடிக்குக் கொஞ்சம் குறைவாக இருந்த வாக்காளர்கள் 2022-ல் 2 கோடியே 10 லட்சத்தைத் தாண்டினார்கள். அந்த ஏற்றத்தில் 18 வயதுக்காரர்கள் ஒரு பகுதிதான். பதிவு செய்யாமலே இருந்த பெரியவர்களும் அதில் நிறைய. வயது, பதிவு இரண்டில் எது பெரிய பூட்டு என்பது அந்த எண்ணிலேயே தெரிகிறது. நம் பிள்ளைகளின் பிறந்த தேதி ஆதாரில் இருக்கிறது, பள்ளிக்கல்வித் துறையின் எமிஸ் கணினிப் பதிவில் இருக்கிறது, பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருக்கிறது. தேர்தல் பட்டியலுக்கு மட்டும் அவனே வந்து நிரூபிக்க வேண்டும்.

இனி உள்ளாட்சி. இதற்கு அரசியல் சாசனத்தைத் தொட வேண்டியதில்லை என்பது என் வாசிப்பு. 18 வயது என்று சொல்கிற 326-வது பிரிவு மக்களவையையும் சட்டமன்றங்களையும்தான் பெயர் சொல்கிறது. ஊராட்சிகளைப் பற்றிய பகுதி ஓட்டு வயது இவ்வளவு என்று எங்கும் எழுதவில்லை. நடைமுறையில் சட்டமன்றப் பட்டியலையே எடுத்து உள்ளாட்சிக்கும் பயன்படுத்துகிறோம், அதனால் அங்கும் 18. மாநிலம் தன் ஊராட்சிச் சட்டத்தைத் திருத்தி, 16, 17 வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு துணைப் பட்டியல் போட்டால் போதும். வழக்கு வரும், வரட்டும். ஜெர்மனியில் லோயர் சாக்ஸனி மாநிலம் 1990-களிலேயே உள்ளாட்சியில்தான் ஆரம்பித்தது. எஸ்டோனியாவிலும் 2017 முதல் உள்ளாட்சிக்கு 16.

உள்ளாட்சியில் தீர்மானமாவது பிள்ளைகளுக்கு நேரடியாகத் தெரிந்த விஷயம். டியூஷன் முடிந்து எட்டு மணிக்கு வரும் பெண்ணுக்கு எந்தத் தெருவில் விளக்கு எரியவில்லை என்பது ஊராட்சித் தலைவரைவிட நன்றாகத் தெரியும். குழாயில் தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது என்று குடம் தூக்குகிற பெண்ணிடம் கேட்க வேண்டும். விளையாட்டுத் திடலில் பாதியை யார் வளைத்துப் போட்டிருக்கிறார்கள் என்று பையன்கள் ஆள் பெயரோடு சொல்வார்கள். கர்நாடகத்தில் ஊராட்சிகளில் பிள்ளைகளுக்கென்றே 'மக்கள கிராம சபை' என்று ஒன்று நடத்துகிறார்கள். கன்னடத்தில் மக்கள் என்றால் பிள்ளைகள். நாமும் மக்கட்பேறு என்று சொன்னவர்கள்தான். எப்படியோ மக்களாட்சி என்று வரும்போது மக்களில் பிள்ளைகள் விடுபட்டுவிட்டார்கள்.

பிள்ளைகள் அப்பா சொல்கிறபடிதானே போடுவார்கள் என்று கேட்பார்கள். பெண்களைப் பற்றியும் இதையேதான் கேட்டார்கள்: புருஷன் சொல்கிறபடிதானே போடுவாள் என்று. ஸ்காட்லாந்தில் கேட்டுப் பார்த்தபோது, கணிசமான பிள்ளைகளின் விருப்பம் பெற்றோரின் விருப்பத்திலிருந்து மாறியிருந்தது. ஒரே வீட்டில் இரண்டு கட்சி என்பது தமிழ்நாட்டில் புதிதும் இல்லை. 16 வயதுப் பிள்ளையை ஏதாவது ஒரு விஷயத்திலாவது சொன்னபடி கேட்க வைத்த அப்பா யாராவது இருந்தால் அவரை நான் சந்திக்க விரும்புகிறேன்.

இதில் ஒரு சின்ன சிக்கல், சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. உள்ளாட்சியில் ஓட்டுக் கொடுக்கலாம் என்றால் உள்ளாட்சித் தேர்தல் நடக்க வேண்டுமே. 1986-க்குப் பிறகு தமிழ்நாட்டில் 1996 வரை நடக்கவில்லை. 2016-ல் பதவிக்காலம் முடிந்த ஊராட்சிகளுக்கு 2019 கடைசியில்தான் தேர்தல், அதுவும் 27 மாவட்டங்களில் மட்டும். நகரங்கள் 2022 வரை காத்திருந்தன. 2019-ல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2025 ஜனவரியில் முடிந்ததும் மறுபடி தனி அலுவலர்கள். இந்த வேகத்தில் போனால் 16 வயதில் உரிமை பெறும் பிள்ளை முதல் ஓட்டைப் போடுவதற்குள் கல்லூரியே முடித்துவிடும். அதனால் வயதைத் திருத்தும் சட்டத்தில், தேர்தலை உரிய காலத்தில் நடத்தியே ஆக வேண்டும் என்பதையும் மீற முடியாதபடி எழுத வேண்டும்.

இதெல்லாம் நடக்கும்போது நடக்கட்டும். உங்கள் வீட்டில் 17 முடிந்த பிள்ளை இருந்தால் இன்றைக்கே செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. முன்பு ஜனவரி 1 என்ற ஒரே தேதியைத்தான் தகுதி நாளாக வைத்திருந்தார்கள். ஜனவரி 2-ல் 18 ஆகிறவன் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். 2022 முதல் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என நான்கு மாதங்களின் முதல் தேதிகளும் தகுதி நாள். 17 முடிந்ததுமே படிவம் 6-ஐ முன்கூட்டியே கொடுத்துவைக்கலாம், 18 ஆன அடுத்த தகுதி நாளை ஒட்டிப் பெயர் ஏறும். ஆன்லைனில் செய்யலாம், இல்லையென்றால் உங்கள் பகுதி வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் கொடுக்கலாம். அவர் பெரும்பாலும் பக்கத்துப் பள்ளி டீச்சராகவோ அங்கன்வாடிப் பணியாளராகவோ இருப்பார். பிளஸ் டூ செய்முறைத் தேர்வு ஆரம்பிக்கும் முன்பே கொடுத்துவிடுங்கள். அதற்கப்புறம் பிள்ளை ஹாஸ்டலுக்குப் போய்விடுவான்.